தொடர்பு இல்லை, தொடுகை

போன மாதம் அத்தைக்குக் காது மடல் சிவந்து, நீர் கோத்து, ஒரே அரிப்பு. மருத்துவமனையில் களிம்போடு ஒரு துண்டுத்தாளும் கொடுத்தனுப்பினார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘ஒவ்வாமைத் தொடர்பு தோல் அழற்சி’. அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “யாரோட தொடர்புடா எனக்கு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று இரவே அவர் தன் துண்டையும் சோப்பையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பேரனைப் பக்கத்தில் படுக்கவிடவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொரோனா காலத்தில் நோயாளியோடு ‘தொடர்பில் இருந்தவர்கள்’ என்று தினமும் கேட்ட காது அது. நோய்ப் பெயரில் தொடர்பு வந்தால் தொற்று என்றுதான் படும். அவருக்கு வந்ததோ கவரிங் தோட்டிலிருந்த நிக்கலால். யாருக்கும் ஒட்டாது.

துண்டுத்தாளில் இருந்தது ‘அலர்ஜிக் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெர்மடைட்டிஸில் டெர்மா கிரேக்கத்தில் தோல், ஐட்டிஸ் அழற்சி. அழற்சிக்குள் இருப்பது அழல், அதாவது நெருப்பு. இன்ஃப்ளமேஷனுக்குள்ளும் லத்தீன் நெருப்புதான். அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உண்டாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. நம் ‘ஒவ்வாமை’ அதைப் பிய்த்துப் பெயர்த்ததில்லை. “கத்திரிக்காய் எனக்கு ஒத்துக்காது” என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தக் குடும்பத்துச் சொல். குறளிலேயே ‘சிறப்பொவ்வா’ இருக்கிறது.

இடறுவது கான்டாக்டில்தான். அதன் லத்தீன் வேர் டாங்கெரே, தொடுதல். டேஞ்சன்ட்டும் அதே வேர். அதற்குப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் என்ன பெயர்? தொடுகோடு. யாரும் ‘தொடர்புக்கோடு’ என்று எழுதவில்லை. கைபேசி வந்தபோதும் தொடுதிரை என்றோம், சரியாகத்தான் சொன்னோம். தோலுக்கு வரும்போது மட்டும் தொடர்பு எப்படி நுழைந்தது? ‘தொடர்பு எண்’ எழுதிப் பழகிய கை, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். “தொடர்பும் தொடுவும் ஒரே வேர்தானே” என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கட்டும். இன்றைக்குத் தொடர்பு என்றால் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது. தோட்டுக்கும் காதுக்கும் யாரய்யா தொடர்பு என்பார்கள்?

‘தொடு’விலும் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று தோன்றலாம். பேச்சில் நாம் சொல்வது ‘படு’. சிமெண்ட் பட்டால் கை வெடிக்கும். சேங்கொட்டைப் பால் பட்டால் பொத்துப்போகும். (அந்தப் பாலால்தான் முன்பு சலவைத் துணிக்குக் குறி போடுவார்கள், குறி பட்ட இடத்தில் சிலருக்குத் தோல் புண்ணாகும்.) ஆனால் ‘படு தோலழற்சி’ என்று எழுதினால் படுமோசம் போல ஒலிக்கிறது. ஆகவே ‘தொடு தோலழற்சி’யே என் ஓட்டு.

அதிலும் இரண்டைக் கலக்கக்கூடாது. ஃபினாயிலில் நாள் முழுக்கக் கையை விட்டால் யாருக்கும் எரியும். அது எரிச்சல் வகை. நிக்கலோ தலைச்சாயத்திலுள்ள பிபிடி என்ற வேதிப்பொருளோ ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு மட்டும் அரிப்பது ஒவ்வாமை வகை. அதைத் ‘தொடு ஒவ்வாமை’ என்றே சொல்லலாம். இது பட்டவுடன் வராது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனைப் பட்டையை 48 மணி நேரம் விட்டுவைக்கிறார்கள், அப்புறமும் ஒருமுறை பார்க்கிறார்கள். ஒருமுறை உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்டால் மறப்பது அரிது. களிம்பு அப்போதைக்கு ஆற்றும், பொருளை ஒதுக்குவதுதான் வழி.

துண்டுத்தாளில் அந்த வழியும் இருந்தது: ‘நிக்கல் வெளிப்பாட்டைத் தவிர்க்கவும்.’ ‘எக்ஸ்போஷர்’ என்பதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். நிக்கல் எதை வெளிப்படுத்தியதாம்? கவரிங் தோடு போடாதீர்கள் என்று எழுதக் கை கூசுமா? கடைசியில் நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை தோட்டைக் கழற்றி டப்பாவில் போட்டார். துண்டு இன்னும் தனிக்கொடியில்தான் காய்கிறது.