பிட்ஜின் என்பதற்குக் 'கொச்சை' என்று எழுதலாமா?

லெபனானில் வீட்டு வேலை செய்யும் இலங்கைப் பெண்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி: 'அவள் கொச்சை அரபியில் பதில் சொன்னாள்.' மூலத்தில் இருந்த சொல் 'பிட்ஜின்'. இந்த ஆண்டில் மட்டும் இதே பெயர்ப்பை நான்காவது முறையாகப் பார்க்கிறேன். இனியும் பேசாமல் இருப்பது சரியல்ல.

பிட்ஜின் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயரும் சீனரும் வணிகம் செய்தபோது, 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல் சீனர் நாவில் அப்படித் திரிந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பின்னாளில் மொழியியலார் அதைப் பொதுப்பெயராக்கினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரு கூட்டத்தார், காரியம் நடந்தாக வேண்டிய கட்டாயத்தில், கொஞ்சம் சொற்களையும் சில விதிகளையும் வைத்து உண்டாக்கிக்கொள்ளும் பேச்சு அது. யாருக்கும் அது தாய்மொழி அல்ல. இந்த வரலாற்றில் இழிவுக்கு இடமே இல்லை.

'கொச்சை'யிலோ இழிவைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒருவர் மனம் புண்படும்படி பேசினால் 'கொச்சைப்படுத்தாதே' என்கிறோம். அந்தச் சொல்லை எடுத்து, பிழைக்கப் போன இடத்தில் ஒரு பெண் தானாகக் கற்றுக்கொண்ட பேச்சின் மேல் ஒட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இது மனவருத்தம் மட்டும் அல்ல, பொருளும் தவறுகிறது. தமிழில் நெடுங்காலமாகக் 'கொச்சை' என்று எழுதப்பட்டு வந்தது பேச்சுவழக்கைத்தான். அரபு மொழியிலும் நம்மைப் போலவே இரட்டை வழக்கு உண்டு. எழுத்துக்கும் மேடைக்கும் ஃபுஸ்ஹா, வீட்டுக்கும் தெருவுக்கும் ஆம்மிய்யா. ஆகவே 'கொச்சை அரபு' என்று படிக்கும் தமிழர், துபாயில் பிறந்த அரபியர் தம் தாயிடம் பேசும் ஆம்மிய்யாவைத்தான் நினைப்பார். அதுவோ முழு இலக்கணம் உள்ள தாய்மொழி. போகிறேன் என்பதற்கு அரூஹ், போகிறாய் என்பதற்குத் தரூஹ், போகிறான் என்பதற்கு யிரூஹ், போகிறோம் என்பதற்கு நரூஹ் என்று வினை ஆளுக்கு ஆள் மாறும்.

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் பேசும் அரபுப் பிட்ஜினில் இந்த மாற்றம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. அனா ரூஹ், இன்தா ரூஹ். நானும் நீயும் ஒரே வினையில் போகிறோம். மறுக்க வேண்டுமானால் 'மாஃபி' ஒன்றே போதும். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு வளைகுடா அரபியர் தமக்குள் 'மா அத்ரி' என்பார்கள். தொழிலாளியின் பேச்சில் அது 'மாஃபி மாலூம்'. இறந்தகாலத்துக்கு 'முதலில்' என்று பொருள்படும் 'அவ்வல்', எதிர்காலத்துக்குப் 'பிறகு' என்று பொருள்படும் 'பாதேன்'. ஆட்களை எண்ணும்போது 'தலாதா நஃபர்', மூன்று பேர். தொலைபேசியில் அழைப்பதற்குச் 'சவ்வி தலஃபோன்'; நாம் 'ஃபோன் செய்' என்று பெயர்ச்சொல்லோடு ஒரு துணைவினையைச் சேர்ப்பது போன்ற அமைப்பு. இந்தத் தெற்காசியச் சாயல் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1970-களின் எண்ணெய்ச் செழிப்புக்குப் பிறகு அங்கே போனவர்களில் நம் பக்கத்து மக்கள் ஏராளம். இந்தப் பேச்சைப் பற்றி ஜே. ஆர். ஸ்மார்ட் 1990-இல் முதல் ஆய்வறிக்கை வெளியிட்ட பிறகு வேறு பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பொதுவாகக் கவனித்த ஒன்று உண்டு: தொழிலாளியிடம் பேசும்போது அரபு முதலாளியும் இதே நடைக்கு இறங்குகிறார். இரு தரப்பும் சேர்ந்து கட்டிய பேச்சுக்கு ஒரு தரப்பின் அறியாமையைக் காட்டும் பெயரை வைப்பது எப்படி நியாயமாகும்?

லெபனான் வழக்கு இன்னும் துல்லியமான சான்று. இலங்கைப் பணிப்பெண்களின் அரபுப் பேச்சை ஆராய்ந்த ஃபிதா பிஸ்ரி அதற்குப் 'பிட்ஜின் மேடம்' என்று பெயரிட்டார். அதன் வினைகள் பெண்ணை நோக்கிய ஏவல் வடிவிலிருந்து பிறந்தவை. 'கொண்டு வா' என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் 'ஜீபி'. பணிப்பெண்ணின் காதில் நாள் முழுதும் விழுவது எஜமானியின் இந்த ஏவல்தான். அதனால் அவள் தன்னைப் பற்றிச் சொல்லவும் அதே வடிவத்தையே எடுக்கிறாள். கட்டளையிலிருந்து ஒரு வினையமைப்பே முளைத்திருக்கிறது. இதைக் 'கொச்சை' என்று எழுதிவிட்டால் அந்த வீட்டில் யார் ஏவினார், யார் கேட்டார் என்ற வரலாறே மறைந்துவிடும்.

சிலர் 'கலப்பு மொழி' என்கிறார்கள். அதில் இழிவு குறைவு, தெளிவு அதைவிடக் குறைவு. கலக்காத மொழி எது? தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளமும் கலப்புதான், ஆனால் அது இரு மொழியும் நன்கு கற்றவர்கள் விரும்பிச் செய்தது. பிட்ஜின் பிறப்பதோ ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இடத்தில். தமிழ் முஸ்லிம்களிடையே அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி என்ற மரபும் உண்டு. 'அரபுக் கலப்பு மொழி' என்றால் வாசகர் அதை நினைத்துக்கொள்ளக்கூடும். 'தொடர்பு மொழி' என்பதை ஆட்சிமொழி விவாதத்தில் வேறு பொருளுக்குச் செலவழித்துவிட்டோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள குறை இதுதான். ஸ்லாங், டயலெக்ட், பிட்ஜின் மூன்றுக்கும் கை முதலில் தொடும் 'கொச்சை'யையே போடுகிறார்கள். டயலெக்டுக்கு வட்டார வழக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று இலக்கணமே பெயர் தந்திருக்கிறது. இருப்பதை எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டினால், வாசகர் கையில் மொழியைப் பற்றிய அறிவு சேராது, மொழி பேசும் மனிதர்கள் மேல் ஏளனம்தான் சேரும்.

நான் முன்வைக்கும் சொல் பிழைப்புமொழி. 'பிசினஸ்' என்ற வேருக்கும் அது ஒத்துவருகிறது. பிழைப்புத் தேடிப் போனவர் பேச்சு என்ற பொருளும் சொல்லிலேயே தெரிகிறது. 'பிழை' என்ற தவறு அதில் ஒலிக்கிறதே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். தவறு என்ற பொருளும் உயிர்தப்புதல் என்ற பொருளும் 'பிழை'க்கு உண்டு, உண்மைதான். ஆனால் 'பிழைப்பு' என்று கேட்டதும் தவறு எவர் நினைவுக்கும் வருவதில்லை, வயிறுதான் நினைவுக்கு வருகிறது. ஆய்வு நூல்களில் பிட்ஜின் என்றே எழுதுவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஒலிபெயர்ப்பு யாரையும் இழிவுபடுத்தாது.

பிழைப்புமொழி ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிட்டால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்குச் சூடானின் படைமுகாம்களில் உருவான அரபுப் பேச்சு, அங்கே எகிப்திய அரசின் ஆளுநராக இருந்த எமின் பாஷாவின் படைவீரர்களோடு உகாண்டாவுக்குப் போனது. இன்று நூபி என்ற பெயரில் உகாண்டாவின் பொம்போவிலும் நைரோபியின் கிபேராவிலும் குழந்தைகள் வீட்டில் கற்கும் மொழி அது. மொழியியலார் அதைக் கிரியோல் என்பார்கள். அதையும் 'கொச்சை அரபு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

மெய்ப்பில் அந்த வரியை 'அவள் அங்கே பழகிய பிழைப்புமொழியில் பதில் சொன்னாள்' என்று திருத்தி, ஓரத்தில் காரணத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளரின் பதில் இன்னும் வரவில்லை.