சிற்றலையா, குறுகிய அலையா?

பேரிடர் கால ஆயத்தம் குறித்து இப்போது வெளிவரும் தமிழ்க் குறிப்புகளில், குடிநீர், டார்ச் விளக்கு, பேட்டரி ஆகியவற்றை அடுத்து 'குறுகிய அலை வானொலி' ஒன்றையும் வாங்கி வைக்குமாறு எழுதியிருப்பதைப் பலமுறை படித்துவிட்டேன். ஆங்கிலத்தில் 'ஷார்ட் வேவ்' எனப்படும் அந்த அலைக்குச் சிற்றலை என்னும் பெயர் நெடுங்காலமாக இருக்கிறது. இலங்கை வானொலியின் நேயர்களும், 2017 ஏப்ரலில் வானொலிச் சேவையை முடித்துக்கொண்ட பிபிசி தமிழோசையின் நேயர்களும் நன்கறிந்த சொல் அது.

சிறு + அலை = சிற்றலை; சிற்றூர், சிற்றாறு போல. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 100 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள அலைகளை இது குறிக்கும்.

'ஷார்ட்' என்னும் ஆங்கில மூலச்சொல்லின் பொருள் குறுமையே, ஆகவே சிறுமை பொருந்தாது என்று சிலர் வாதிடுகின்றனர். வானொலி நூற்றுக்கணக்கான மீட்டர் நீள அலைகளில் இயங்கிய காலத்தில், அவற்றோடு ஒப்பிட்டு வைத்த பெயர் இது; இன்றைய பண்பலையின் அலையோ ஏறத்தாழ 3 மீட்டர்தான். ஆக, இது ஓர் இனப்பெயரேயன்றி அளவுகோல் அன்று. 'குறுகிய காலம்' என்கிறோமே என்றால், உண்மைதான். ஆனால் குறுகிய சந்து என்னும்போது அகலக் குறைவே மனத்தில் நிற்கிறது. வானொலியில் அகலம் முற்றிலும் வேறு செய்தி: நெருக்கியடித்து ஒலிக்கும் நிலையங்களைப் பிரித்துக் கேட்க, நல்ல பெட்டிகளில், பெட்டி உள்வாங்கும் அலைவெண் பரப்பை அகன்ற பட்டை, குறுகிய பட்டை என்று தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. 'குறுகிய' என்னும் சொல் அங்கே தேவைப்படுகையில், அதை அலைக்கும் சூட்டினால் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதை எதுவென்று அறிவார்? குற்றலை என்பாரும் உளர். புணர்ச்சி சரி, ஆனால் செவியில் குற்றமே முந்துகிறது.

2022 மார்ச்சில் போர் மூண்டிருந்த உக்ரைனுக்காக பிபிசி சிற்றலையில் 15735, 5875 கிலோஹெர்ட்ஸ்களில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரச் செய்தி ஒலிபரப்பைத் தொடங்கியது. இணையமும் உள்ளூர்க் கோபுரங்களும் செயலிழந்தாலும், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை தொலைவிலிருந்தே வந்துசேரும். அதை நம்பிப் பெட்டி வாங்குபவருக்குத் தெரியவேண்டியவை எளியவை: இரவில் 49, 41, 31 மீட்டர்களையும் பகலில் 25, 19, 16 மீட்டர்களையும் முதலில் தேடவேண்டும், எல்இடி விளக்குகளின் இரைச்சலிலிருந்து பெட்டியைத் தள்ளி வைக்கவேண்டும், சில மீட்டர் கம்பியைச் சன்னலுக்கு வெளியே நீட்டவேண்டும். இவற்றையெல்லாம் தமிழ் நேயர்கள் சிற்றலை என்னும் பெயரின்கீழ்தான் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள், அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.