பெர்செப்ஷன் என்றால் கருத்து அல்ல

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்புகளைத் தமிழில் எழுதிப் பகிர்கிறவர்கள் நல்ல காரியம்தான் செய்கிறார்கள். ஆனால் உளவியல், நரம்பியல் பக்கம் வந்தாலே ஒரு பிழை தவறாமல் வந்துவிடுகிறது: "காட்சி கவனம் மற்றும் வண்ண கருத்து." கலர் பெர்செப்ஷன்தான் இங்கே "வண்ண கருத்து" ஆகியிருக்கிறது. இதைப் படிக்கிற முதுகலை மாணவி என்ன நினைப்பாள்? யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று ஊரெல்லாம் கருத்துக் கேட்கும் வேலை என்றுதான். விழித்திரையும் மூளையும் சேர்ந்து நிறத்தை எப்படி அறிகின்றன என்று ஆராயும் துறை இது என்பது தெரியாமலே தாண்டிப் போய்விடுவாள்.

சொல்லின் வேர் எளியது. முழுக்கப் பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது பெர்செப்ஷன். புலன் வழியாக வருவதை அறிவு பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

"கருத்து" எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. ஒரு கட்சியைப் பற்றி மக்கள் மனத்தில் உள்ள எண்ணத்தையும் ஆங்கிலத்தில் பெர்செப்ஷன் என்பார்கள். செய்தித்தாளில் அதைக் கருத்து என்று எழுதினால் குடி முழுகிவிடாது. அதே சொல்லைத் தூக்கிக்கொண்டுவந்து கண்ணைப் பற்றிய ஆய்வில் வைப்பதுதான் தவறு. அதுவும் சாதாரணத் தவறில்லை, தலைகீழ்த் தவறு. அறிவு எந்த வழியாக வருகிறது என்று ஆராயும் நம் அளவை நூல்களில், நேரே புலனால் அறியும் காண்டல் வேறு, கருதல் வேறு. காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் அளவைகளை எண்ணும்போது, கருதல் என்பது அனுமானம். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது. மணிமேகலையில் பௌத்த அளவைகளைச் சொல்லும் இடத்திலும் அனுமானத்துக்குப் பெயர் "கருத்து அளவு"தான். நேரே புலனால் அறிவதற்கு எதிரில் நிறுத்திய சொல்லையே எடுத்து, நேரே புலனால் அறிவதற்குப் பெயராக வைக்கிறோம். இத்தனை நூற்றாண்டுகள் தெளிவாக வைத்திருந்த வேறுபாடு ஒரு மொழிபெயர்ப்புப் பொறியின் அவசரத்தில் அழிவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

சிலர் "வண்ண உணர்வு" என்கிறார்கள். கருத்தைவிட மேல், ஆனாலும் போதாது. உணர்வு என்றால் சோகமும் வரும், இனப்பற்றும் வரும். "புலனுணர்வு" என்று இறுக்கினால், அது புலன் தூண்டலை வாங்குவதை மட்டும் குறிக்கும் சென்சேஷன் என்னும் இன்னொரு சொல்லுக்கு வேண்டியது. இரண்டும் ஒன்றில்லை. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் செய்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வாழைப்பழப் படத்தைக் காட்டி, நிறமே இல்லாத சாம்பலாகத் தெரியும்வரை மாற்றச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் உண்மையான சாம்பலைத் தாண்டி, சற்று நீலத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அசல் சாம்பலில் வைத்தால் பழம் அவர்களுக்கு இன்னும் லேசான மஞ்சளாகவே தெரிந்தது. கண்ணுக்கு வந்த ஒளி ஒன்று, அறிந்த நிறம் வேறொன்று. வாழைப்பழம் என்றால் மஞ்சள் என்ற பழக்கம் நடுவில் புகுந்துவிட்டது. ஒளியைக் கண் வாங்குவது புலனுணர்வு, அதை இன்ன நிறம் என்று அறிவது பெர்செப்ஷன். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஆய்வின் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது.

சரி, அப்போது என்ன சொல்வது? புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்வி உளவியல் நூல்களில் புலன்காட்சி என்றும், இலங்கையில் புலக்காட்சி என்றும் ஏற்கெனவே வழங்குகிறது. என் ஓட்டு புலக்காட்சிக்கு. சொல்ல எளிது, கூட்டுச்சொல்லாக நீட்டினாலும் தாங்கும். காட்சி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதாயிற்றே, காதால் கேட்பதற்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சியை நான்காகப் பிரிக்கிறது. அதில் வாயிற்காட்சி என்பது ஐம்பொறிகளுக்கும் பொது. சுவையும் ஒலியும் அங்கே காட்சிதான். வெறும் பொருளாக மட்டும் அறிவதையும், இன்னது என்று பெயரும் இனமும் கூட்டி அறிவதையும்கூட அந்த மரபு தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. இவ்வளவு வேலை செய்து முடித்த ஒரு சொல் கையில் இருக்கும்போது இரவல் எதற்கு?

நிறமா வண்ணமா என்றால், நிறம். வண்ணம் யாப்பிலும் உண்டு, "இவ்வண்ணம்" என்றும் வரும். இயற்பியலில் நிறமாலை, நிறப்பிரிகை என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. ஆகவே நிறப் புலக்காட்சி.

காட்சியைப் பெர்செப்ஷனுக்குக் கொடுத்த பிறகு "காட்சி கவனம்" நிற்காது, வல்லெழுத்தும் மிகாமல் நிற்கிறது அது. பார்வைக் கவனம் என்பதே தெளிவு. இலங்கையில் அவதானம் என்பார்கள். அதுவும் நல்ல சொல், அட்டாவதானம் நமக்குத் தெரிந்ததுதானே.

கவனம், புலக்காட்சி என்னும் இரண்டு சொற்களையும் பிரித்து வைத்தால்தான் அவற்றுக்கு இடையிலான உறவையும் பேச முடியும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெய்நிகர் கண்ணாடி மாட்டி இடங்களைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு, பார்வை குவியும் இடத்தைத் தவிர மற்ற பகுதியிலிருந்து நிறத்தை நீக்கினார்கள். பார்வைப்பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் மட்டும் நிறம் விட்டபோதும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் கவனிக்கவே இல்லை. பார்வைக் கவனத்துக்கு வெளியே நிறப் புலக்காட்சி எவ்வளவு மிஞ்சும் என்று இதைப் பற்றித் தமிழில் கேட்கலாம். "காட்சி கவனத்துக்கு வெளியே வண்ண கருத்து" என்று கேட்டால் யாருக்கு விளங்கும்?

இதே ஆட்கள் ஆப்டிகல் இல்யூஷனுக்கு "ஒளியியல் மாயை" என்று எழுதுகிறார்கள். மாயை பெரிய தத்துவச் சொல், அதைக் கோடு வளைந்து தெரிவதற்குச் செலவழிக்க வேண்டாம். ஒன்றை இன்னொன்றாகக் காண்பதற்குத் திரிபுக்காட்சி என்ற பெயர் இருக்கிறது. புலக்காட்சியின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது சொல்லாமலே தெரியும்.