பின்பாரம்: வீட்டு வான் ஏ9 வீதியில் ஏன் அலைகிறது?

"அண்ணை, வான் அலையுது. ஸ்டியரிங்கை ஒருக்கா இறுக்கி விடுங்கோ."

கிளிநொச்சியில் எங்கள் கராஜுக்கு வரும் வீட்டு வான்களில் முக்கால்வாசி இந்த வசனத்தோடுதான் வந்து நிற்கும். ஹையேஸ், கோஸ்டர், ரோசா எதுவாகவும் இருக்கலாம். உள்ளே கட்டில், சின்னக் குசினி, தண்ணீர்த் தாங்கி, கூரையில் சோலார் தகடு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள் செய்விப்பதும் உண்டு, சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடச் செய்விப்பதும் உண்டு. வேலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஏ9 வீதியில் வவுனியா தாண்டி மணிக்கு 70 கிலோமீற்றரைத் தொட்டதும் பின்பக்கம் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியபடியே யாழ்ப்பாணம் போய்ச் சேருவார்.

முதலில் அந்த "இறுக்கி விடுகிற" கதையை முடித்துவிடுவோம். பழைய பஸ் வகைகளில் ஸ்டியரிங் பெட்டி ஒன்று இருக்கும். அதன் தலையில் ஒரு ஸ்குரூ. அதைத் திருகினால் ஆட்டம் குறைந்த மாதிரித் தெரியும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் பெட்டிக்குள் பல்லும் பல்லும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஒவ்வொரு முறையும் நீங்களே திருப்பவேண்டும், திருப்பும்போது கொஞ்சம் கூடிப்போகும், உடனே மறுபக்கம் இழுப்பீர்கள். அலைச்சல் முன்பைவிடக் கூடும். பெட்டியைத் தொடுவது கடைசி வேலை, அதுவும் அளவு தெரிந்தவர் கையால். கே.டி.எச். வகை ஹையேஸில் அந்தப் பெட்டியே கிடையாது, ராக் எனப்படும் பல்லுச் சட்டம்தான். அதையும் "இறுக்கச்" சொல்லி வருகிறார்கள்.

போர் முடிந்து வீதி காபெட் ஆகும்வரை இந்த முறைப்பாடு பெரிதாக எழவில்லை. குழிக்குள் விழுந்து எழும்பி 40இல் போகிற வானில் அலைச்சல் எங்கே தெரியப்போகிறது? இப்போது மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நேர்வீதி, கால் தானாக அழுத்தும். நம் சட்டத்தில் வானுக்கு 70தான். அதற்கு மேலே போனால் அலைகிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது, மேலே போகாதீர்கள் என்றுதான். ஆனால் 60இலும் அலைந்தால் அது வண்டியின் குறை.

அந்தக் குறை பெரும்பாலும் பாரத்தில் இருக்கிறது. மாட்டு வண்டில் ஓட்டிய எங்கள் அப்பு, அம்மப்பாமாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும், ஆகவே மூட்டையை அச்சுக்கு நேரே அடுக்குவார்கள். வானை வீடாக்குகிறவர்கள் தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், பற்றரி, துவிச்சக்கரவண்டி கொழுவும் கம்பி எல்லாவற்றையும் பின்கதவுப் பக்கமாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். இடம் அங்கேதான் இருக்கிறது என்பார்கள்.

கணக்குப் பார்ப்போம். குட்டைக் கோஸ்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.2 மீற்றர். பின் அச்சிலிருந்து 1.6 மீற்றர் பின்னால் 200 லீற்றர் தாங்கியை நிரப்பி வைத்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. ஆனால் பின் அச்சில் ஏறுவது 200 அல்ல, 300. மேலதிக 100 எங்கிருந்து வந்தது? முன் சில்லுகளிலிருந்து கழன்று வந்தது. திசை காட்டவேண்டிய சில்லும், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்யவேண்டிய சில்லும் அந்த முன் சில்லுதான். அதே தாங்கியை இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் நூறு நூறாகப் பகிர்ந்திருக்கும்.

பின்னால் வண்டியின் பொடியை, அதாவது கூட்டை, நீட்டுகிறவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். நீளக் கோஸ்டர் 6990 மில்லிமீற்றர், அச்சு இடைவெளி 3935. மொத்த நீளத்தில் 56 வீதம். பின்னால் மூன்றடி நீட்டிக் கட்டினால் அது பாதிக்குக் கீழே வந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை எதிரே வருகிற பஸ்ஸின் காற்றே ஆட்டிவிடும். பாதிக்குக் கீழே போகிற எந்த வேலைக்கும் நான் ஆதரவில்லை. பொடி மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேறு வேண்டும், அதையும் முதலிலேயே பாருங்கள்.

ஆகவே எங்கள் கராஜில் முதல் வேலை நிறுப்பது. பெரிய நெல் ஆலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் லொறி நிறுக்கிற தராசு இருக்கிறது. தண்ணீர் நிரப்பி, காஸ் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, பயணம் போகிற மாதிரியே கொண்டுபோங்கள். முன் சில்லை மட்டும் தராசில் ஏற்றி ஒரு நிறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு நிறை. கழித்தால் பின் அச்சு வந்துவிடும். அறுவடைக் காலத்தில் மட்டும் போகாதீர்கள், நெல் லொறி வரிசையில் அரைநாள் போய்விடும்.

அந்த நிறை கையில் இருந்தால்தான் ரயரைப் பற்றிப் பேசலாம். ரயரின் பக்கச் சுவரில் 107/105 போல ஒரு எண் இருக்கும். 107 என்றால் ஒற்றைச் சில்லாகப் போட்டால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும், 105 என்றால் இரட்டைச் சில்லில் ஒன்று 925 கிலோ. ஒற்றைச் சில்லு வானின் பின் அச்சு 1950 கிலோவைத் தாண்டினால் அந்த ரயர் அந்த வண்டிக்குப் போதாது, அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது) எத்தனை தடவை செய்தும் பலனில்லை. அளவு ஒன்றாக இருக்கிறது, விலை குறைவு என்று கார் ரயரைப் போட்டு வருகிற வான்களும் உண்டு. வான் ரயரில் அளவுக்குப் பின்னால் ஒரு சி எழுத்தோ, எல்.டி. என்றோ இருக்கும். அது இல்லாத ரயரின் பக்கச் சுவர் பாரத்துக்கு நெளியும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பி, சுவர் நெளிந்து முடிந்த பிறகுதான் வண்டி திரும்பும். அந்தத் தாமதத்தைத்தான் "ஸ்டியரிங் பிடிக்குதில்லை" என்கிறார்கள்.

காற்று அடிக்கிற இடத்தில் பெடியன் "எவ்வளவு?" என்று கேட்டால் எல்லோரும் "32" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அது காருக்குரிய பி.எஸ்.ஐ. அழுத்தம். யப்பானிலிருந்து வந்த வானில் சாரதி கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எழுத்து யப்பான் மொழி என்றாலும் எண் விளங்கும். கிலோபஸ்காலில் போட்டிருப்பார்கள். 100 கிலோபஸ்கால் என்றால் பதினாலரை பி.எஸ்.ஐ., 350 என்றால் 50 பி.எஸ்.ஐ. அளவில். 50 வேண்டிய பின்ரயரில் 32 இருந்தால் வான் நேராக ஓடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ரயர் மாற்றியிருந்தால் அந்த ரயருக்குரிய பார அட்டவணையைப் பாருங்கள். பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவை எக்காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள்.

அளப்பது காலையில், வண்டி எடுக்குமுன். ஓடிச் சூடான ரயர் நாலைந்து கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் அடுத்தநாள் காலையில் குறைவாக நிற்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் எல்லோரும் இறங்குவீர்கள். கச்சான் வாங்கப் போகிற வழியில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சில்லுக்குக் கிட்டவும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு, அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது, அல்லது பெயரிங் போகிறது. ரோசா போன்ற இரட்டைச் சில்லில் உள்ரயரைக் கட்டையால் தட்டிப் பார்ப்பது போதாது, கேஜ் வைத்தே அளக்கவேண்டும். அப்புறம் வயது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் நிற்கிற வீட்டு வானின் ரயர் தேயாமலே வெடித்துப்போகும். பூ (தரையில் படுகிற வெட்டு) நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஆறு வருடம் கடந்த ரயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக நான் சொல்லமாட்டேன்.

பாரமும் ரயரும் சரியென்றால் வண்டிக்குக் கீழே போகலாம். எல்லோரும் முன்னால் தேடுவார்கள். நான் பின்னால் தொடங்குவேன். பின் அச்சு வில்லுத் தகட்டில் தொங்குகிறது. தகட்டின் இரண்டு நுனியிலும் ரப்பர் புஷ். புதிதில் நடுவில் வட்டத் துளை. பாரத்தில் அடிபட்டு அடிபட்டுத் துளை முட்டை வடிவாகிவிடும். பார்த்தால் தெரியாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, புஷ்ஷுக்குப் பக்கத்தில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் "டொக்" என்று ஒரு சத்தத்தோடு அச்சு ஒரு விரல் நகரும். வீதியில் ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் அது அப்படித்தான் நகருகிறது. அச்சின் ஒரு பக்கம் முன்னுக்கு, மறுபக்கம் பின்னுக்குப் போனால் பின் சில்லே ஒரு பக்கம் திரும்புகிறது. வாலிலிருந்து ஒருவர் வண்டியைத் திருப்ப, முன்னாலிருந்து நீங்கள் திருப்ப, வண்டி யார் சொல்லைக் கேட்கும்?

இன்னொன்றை வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரண்டு பக்கமும் நாடாவால் அளந்து பாருங்கள். பத்து மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கராஜுக்கு வாருங்கள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடு ஆணி உடைந்து அச்சு வழுக்கியிருக்கலாம். அச்சைத் தகட்டோடு கட்டுகிற யூ போல்ட் தளர்ந்தால் அந்த ஆணி நெடுநாள் தாங்காது.

முன்பக்கம் சுருக்கம்தான். முன் சில்லு திரும்ப உதவுகிற மூட்டுகளைப் பார்க்கவேண்டும்: ரை றொட் முனை, போல் ஜொயின்ட், முன்னால் முழு அச்சு உள்ள வண்டியில் கிங் பின். ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இங்கும் அங்கும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் கைக்குத் தெரியும். தேய்ந்ததை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது காசைக் குளத்தில் போடுகிற வேலை.

அலைன்மென்டில் ஒரு விசயம் முக்கியம். பல இடங்களில் டோ, அதாவது முன் சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கிற அளவு, மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். வண்டி நேராக ஓடுவதற்குப் பெரிய காரணம் கஸ்டர், அதாவது முன் சில்லு திரும்புகிற அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிற அளவு. சாய்வு இருந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். இங்கேதான் வீட்டு வான்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பின்பக்கம் தாழ்கிறது என்று மேலதிக வில்லுத் தகடு போடுவார்கள், அல்லது காற்றுப் பை. பின்பக்கம் உயரும், பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் 3.2 மீற்றர் இடைவெளி உள்ள வண்டியில் பின்பக்கம் 55 மில்லிமீற்றர் உயர்ந்தால் கஸ்டர் ஒரு பாகை குறைந்துவிடும். குறைந்தால் ஸ்டியரிங் இலேசாகி, தொட்டதுக்கெல்லாம் திரும்பும். தகடு போட்டபின் அலையத் தொடங்கிய வான்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஆகவே உயரம் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம், பாரம் ஏற்றிய நிலையில், கஸ்டர் அளவையும் தாளில் அச்சடித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள்.

சொக் அப்சோபர் எண்ணெய் கசிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். வண்டி வளைவில் சரிவதைக் குறைப்பது ஸ்டெபிலைசர் பார். அதன் புஷ் மலிவு, மாற்றினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். உயரக் கூரை வண்டிக்குத் தடித்த பார் போடுவது நல்ல செலவு. இணையத்தில் பார்த்துவிட்டு ஸ்டியரிங் டம்பர் வாங்கி வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். ரயர் வெடித்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பறிபோகாமல் அது உதவும், உண்மை. தேய்ந்த புஷ்ஷையோ பின்பாரத்தையோ அது திருத்தாது, மறைக்கும்.

இதெல்லாம் சரிசெய்த வண்டியும் உயரமான பெட்டிதான். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் பரந்தன், உமையாள்புரம் தாண்டி ஆனையிறவு வெளியில் ஏறியதும் வடக்கே போகிறவருக்கு இடப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். அப்பால் பளைப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நடவில்லை. 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்திலும் இதே நிலைதான். வெளிக்கு வருமுன்பே 50க்கு இறக்குங்கள். எதிரே பெரிய பஸ் வந்தால் முதலில் ஒரு தள்ளு, கடந்ததும் ஒரு இழுப்பு வரும். தள்ளுக்கு எதிராக ஸ்டியரிங்கைப் பலமாகத் திருப்பினால் இழுப்பும் சேர்ந்து வலப்பக்கம் கொண்டுபோய்விடும். இரண்டு கையாலும் மெல்லப் பிடித்து, காலை எடுத்தால் போதும்.

அதைவிட ஆபத்து இடது ஓரம். மாரி மழை கிரவலை அரித்து, தார் விளிம்பு படிக்கட்டு போல நிற்கிற இடங்கள் உண்டு. இடது சில்லு இறங்கிவிட்டால் உடனே வெட்டி ஏற்றாதீர்கள். சில்லு விளிம்பில் உரசி, திடீரென்று ஏறி, வண்டி எதிர்ப்பக்கம் பாயும். உயர வண்டிகள் புரளுவது அப்படித்தான். நேராகப் பிடித்து வேகத்தை முழுதாகக் குறைத்து, விளிம்பு தணிந்த இடத்தில் ஏறுங்கள். இரவில் காய்ந்த தார் தேடிக் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். வெட்டி விலகலாம் என்ற நினைப்பு மோட்டார்சைக்கிள்காரருக்குச் சரிவரலாம், தண்ணீர் நிரம்பிய வீட்டு வானுக்குச் சரிவராது. நேரே பிரேக் பிடிக்கக்கூடிய வேகத்தில் போவதுதான் வழி, முடிந்தால் இருட்டுமுன் போய்ச் சேருங்கள்.

இனிமேல்தான் வான் வாங்கி வீடாக்கப் போகிறேன் என்கிறவர்கள் கட்டிலின் துணி நிறத்தைத் தெரிவு செய்யுமுன் வேலை செய்பவரிடம் தாங்கி எங்கே வருகிறது, பற்றரி எங்கே வருகிறது, நிறைத்தால் முன் அச்சில் எத்தனை கிலோ மிஞ்சும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வெறும் வானைத் தராசில் ஏற்றிய துண்டோடு எங்களிடமோ வேறு நல்ல கராஜுக்கோ வாருங்கள். வானின் தகரத்தில் ஓட்டை போடுமுன் வந்தால் வேலை ஒரு பென்சிலோடும் நாடாவோடும் முடிந்துவிடும்.