புலிக்குக் கருவாடு பிடிக்குமா?

பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக கடலூர் வட்டாரத்துப் பிள்ளைகளை மிரட்ட அதிகம் பயன்படுவது நான்தான். குழந்தை மருத்துவராக இருப்பதில் இப்படி ஒரு சங்கடம். "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை என் அறை வாசலிலேயே அலற ஆரம்பித்துவிடும், அப்புறம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து என்ன கேட்பது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் வேறு. அதற்குப் பிறகு சில வாரங்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நடுவே இன்னொரு வகைப் பிள்ளைகளும் வந்தார்கள். காற்றுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வது, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருவது, கழிவறைக்குத் தனியாகப் போக மறுப்பது. அவர்களில் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தவர் அவனுடைய பாட்டி, எங்கள் பக்கத்து வழக்கில் ஆயா. மீன் கூடை தூக்கி விற்றவர். "ஆம்பளப்புள்ள பயப்படக் கூடாதுன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறான்" என்றார்.

அப்படிச் சொன்னால் பயம் போகாது. பயத்தை வெளியே சொல்வதுதான் நின்றுபோகும். ஆயாவிடம் அதை விளக்குவதற்குப் பதில் மேசையில் கிடந்த படப்புத்தகத்தைக் கொடுத்தேன். என் தங்கை வரைந்து, நூல் கோத்துக் கொடுத்த பன்னிரண்டு பக்கம்.

"எனக்குப் படிக்க வராதுங்க டாக்டர்."

"படம் பாக்க வருமில்லம்மா? அது போதும்."

கதை இதுதான். சந்தையிலிருந்து பாட்டியும் பேத்தியும் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. வழியில் புலி. பேத்தி பாட்டியின் முந்தானைக்குள் ஒளிகிறாள். பாட்டி, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. கொஞ்சம் யோசிப்போம்" என்கிறாள். அடுத்த பக்கத்தில் பித்தளைக் குடத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பிப் புலியை விரட்டுகிறார்கள். ஆனால் ஆயா அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. படத்தில் இருந்த கூடையில் விரல் வைத்து, "இதுக்குள்ள என்னடா இருக்கும்?" என்றார். தங்கை வரைந்தது கத்தரிக்காய். பையன் கொஞ்சம் யோசித்து, "கருவாடு" என்றான். அதைத் தூக்கி ஒரு பக்கமாகப் போட்டுவிட்டு இன்னொரு பக்கமாக ஓடிவிடலாமாம்.

"புலிக்குக் கருவாடு புடிக்குமா ஆயா?"

"பூனைக்குப் புடிக்குதில்ல?"

பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்தி, "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டு வாசிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஒய்ட்ஹர்ஸ்ட்டின் குழுவினர் 1988-லேயே ஆராய்ந்து, அது பிள்ளைகளின் பேச்சை வளர்க்கிறது என்று காட்டினார்கள். ஆயாவுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. எழுத்து தெரிந்த பெற்றோர்தான் பெரும்பாலும் வரிகளைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார்கள்.

புத்தகத்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். கூடவே ஒன்று சொன்னேன்: கதைப் பாட்டி மாதிரி நீங்களும் பயந்த கதையைச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் விடியலில் ஓடு பறந்தபோது கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடந்ததையும், அப்புறம் எழுந்து அரிசிப் பானையை மூடி வைத்ததையும் ஆயா அவனிடம் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சொன்னதுதான் முக்கியம். நடுங்கியதை விட்டுவிட்டால் வீரக்கதை ஆகிவிடும், பிள்ளை தன்னை அதில் எங்கே வைத்துப் பார்ப்பான்? பானையை விட்டுவிட்டால் பயம்தான் இரண்டு பேருக்கும் மிஞ்சும்.

வேலையும் ஒன்று கொடுக்கச் சொன்னேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் டார்ச் லைட் அவன் பொறுப்பு. மாசி மகக் கூட்டத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் முன்பும் இப்படி விளையாடிப் பார்க்கலாம்: "ஆயா காணாமப் போயிட்டா என்ன செய்வே?" நின்ற இடத்திலேயே நிற்பது, போலீஸிடமோ பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ போவது, பெற்றோர் பெயரும் போன் நம்பரும் சொல்வது. காணாமப் போனது ஆயாதான் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும்.

எல்லாப் பயமும் கதையில் கரையாது. ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், பள்ளிக்கே போக மறுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இரண்டு மாதம் கழித்துப் பையன் ஐந்து வயது பூஸ்டர் ஊசிக்கு வந்தான். நன்றாகவே அழுதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கூடை இருந்த பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கிழிந்திருந்தது. தங்கையிடம் வேறு வரைந்து தரச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காய் வேண்டாம், கருவாடு போடு என்றேன். கருவாட்டை எப்படி வரைவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.