பெரிய விருந்துக்கு ஒரே சார்க்யூட்டரி பலகை வேண்டாம்

பெரிய விருந்துக்கு சார்க்யூட்டரி போர்டு, அதாவது பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் அடுக்கிய பலகை, கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். மேசை நீளத்துக்கு ஒரே பலகை, அதில் சலாமி, ஹாம், சீஸ், ஆலிவ், திராட்சை எல்லாம் நெருக்கி அடுக்கியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் கேட்டரிங் தொழிலில் நான் முதலில் கேட்பது, இது எவ்வளவு நேரம் வெளியே இருக்கப்போகிறது என்பதைத்தான்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் கெடக்கூடிய உணவு ஃபிரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். பலரும் இந்தக் கணக்கை விருந்தினர் வந்ததிலிருந்து போடுகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நிமிடமே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. நீளமான பலகையை அடுக்க ஒரு மணி நேரம், படம் எடுக்கக் கொஞ்ச நேரம், ஆட்கள் தாமதமாக வருவதில் அரை மணி. முதல் துண்டை ஒருவர் எடுக்கும்போதே நேரம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

“உப்புப் போட்ட இறைச்சிதானே, கெடாது” என்பார்கள். அது பாதி உண்மை. பன்றித் தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்திய ப்ரஷூட்டோவிலும், புளிக்கவைத்து உலர்த்திய சலாமியிலும் ஈரம் குறைவு. பல கிருமிகளால் அங்கே பெருக முடியாது. ஆனால் அதே பலகையில் இருக்கும் வேகவைத்த ஹாமும், ஈரலை மசித்துச் செய்யும் பாத்தேயும் அப்படியில்லை. அவை ஈரம் நிறைந்தவை, சீக்கிரம் கெடும். சலாமியின் ஓரம் சுருண்டு கொழுப்பு வியர்க்க ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியும். ஹாமில் கிருமி பெருகினால் நிறமும் வாசனையும் மாறாமலே இருக்கலாம்.

நம் கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உப்பைத் தாங்கி வளரும். அது உண்டாக்கும் நச்சு, சூடாக்கினாலும் போகாது. ரோஜாப்பூ மாதிரி சலாமியை மடிப்பதானால் சுத்தமான கையுறையோடு மடியுங்கள். லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் சூடாக்காத இறைச்சித் துண்டுகளையும், ப்ரீ, கமம்பேர் போன்ற மென்மையான சீஸ்களையும் தவிர்ப்பது நல்லது. பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி, பாக்கெட்டில் விற்ற சார்க்யூட்டரி இறைச்சியோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று பற்றி எச்சரித்தது.

அப்போ என்ன செய்யலாம்? சிறிய பலகைகளாகப் பிரித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்று என்று அடுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஒன்று காலியாக ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். பழைய பலகையின் மேலேயே புதிய துண்டுகளைக் கொட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படிச் செய்தால் எந்தத் துண்டு எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாத்தே கிண்ணத்தை ஐஸ் மேல் வையுங்கள். கிராக்கர், உலர்பழம் முதலியவற்றை முன்னாலேயே பரப்பிவிடலாம். கெட்டியான சீஸ் அரை மணி முன்னால் வெளியே வந்தால் மணமாக இருக்கும், ஆனால் அந்த அரை மணியும் கணக்கில் சேரும்.

அளவு? சாப்பாட்டுக்கு முன் கொறிக்க என்றால், ஆளுக்கு இறைச்சி 50 முதல் 60 கிராம், சீஸும் ஏறக்குறைய அவ்வளவே. நூறு பேருக்கு ஒவ்வொன்றிலும் 5 முதல் 6 கிலோ. அதுவே முழு உணவு என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

பாதாம், முந்திரி தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு, பலகையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். கொட்டைகளுக்கு அலர்ஜி உள்ளவருக்கு ஒரு துகள்கூட ஆபத்தாகலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனிப் பலகை வையுங்கள், சீஸின் லேபிளையும் படியுங்கள்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்கான பால், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியில்தான் உறைகிறது. எந்த இறைச்சி பன்றி, எது மாடு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டால் யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகள் வருவதாக இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

விருந்து முடிந்ததும் மனசு கேட்காது. இருந்தாலும் 2 மணி நேரம் தாண்டி வெளியே இருந்த இறைச்சியையும் மென்மையான சீஸையும் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜை விட்டு வெளியே வராத துண்டுகளை, பாக்கெட் பிரித்த நாளிலிருந்து 3 முதல் 5 நாளுக்குள் சாப்பிட்டு முடிக்கலாம்.