பெரிய போட்டி வந்தா ஊருக்கே காசு கொட்டுமா? டூரிசம் தொழில்ல இருக்குறவன் பார்வைல

2030 காமன்வெல்த் கேம்ஸ் அகமதாபாத்துக்குன்னு உறுதியானதுல இருந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "அங்க ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் போட்டா எடுக்கலாமா சார்?" நான் சென்னைல வெளிநாட்டு குரூப்புகளுக்கு வண்டி, கைடு, ரூம் ஏற்பாடு பண்ற ஆளு, ரொம்ப வருஷமா மாமல்லபுரம் ரூட்லதான் எங்க பொழப்பு ஓடுது, அதனால குஜராத் நிலவரம் பத்தி பெருசா சொல்ல மாட்டேன். ஆனா பெரிய போட்டி வந்தா ஒரு ஊர்ல என்னென்ன நடக்கும்னு கிட்ட இருந்து பாத்திருக்கேன், அதை எழுதி வச்சா யாராவது ஒருத்தராவது வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.

எல்லாரும் போடுற கணக்கு சிம்பிள். இத்தனை நாடு, இத்தனை வீரர்கள், கூட வர்றவங்க, பாக்க வர்றவங்க, எல்லாத்தையும் கூட்டி ஒரு நாள் வாடகையால பெருக்கிடுறது. இதுல விட்டுப்போறது என்னன்னா போட்டி இல்லாம போயிருந்தா அந்த ஊருக்கு வழக்கமா வந்திருக்க வேண்டிய கூட்டம். அவங்க ரேட்டை பாத்து, செக்யூரிட்டி கெடுபிடி, டிராபிக் இதெல்லாம் கேள்விப்பட்டு "இந்த வருஷம் வேண்டாம்பா"ன்னு வேற ஊருக்கு போயிடுவாங்க. 2012 ஆகஸ்ட்ல லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்துச்சுல்ல, அந்த மாசம் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க எண்ணிக்கை முந்தின வருஷ ஆகஸ்ட்டை விட 5 சதவீதம் கம்மி. கூடல, கம்மி! வந்தவங்க செலவு பண்ணது என்னவோ அதிகம்தான், ஆனா லண்டன் நடுவுல இருக்குற தியேட்டர்காரங்களும் கடைக்காரங்களும் ஈ ஓட்டினோம்னு புலம்பினாங்க.

2024 பாரிஸ்லயும் இதே கதைதான். அந்த கோடை சீசன்ல பாரிஸுக்கு பறக்குறதை ஜனங்க தவிர்க்குறாங்க, 16 கோடில இருந்து 18 கோடி யூரோ வரைக்கும் வருமானம் அடிபடும்னு ஏர் பிரான்ஸ் கேஎல்எம் கம்பெனியே முன்கூட்டி சொல்லுச்சு. சேன் நதி ஓரத்துல தொடக்க விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே வேலி போட்டு கியூஆர் கோடு இருந்தாதான் உள்ள விடுவோம்னு சொல்லிட்டாங்க, நதியை பாத்தபடி இருக்குற ரெஸ்டாரண்ட்ல எல்லாம் சேர் காலி. 2.15 யூரோ மெட்ரோ டிக்கெட் அந்த சமயத்துல 4 யூரோ ஆச்சு. ஹோட்டல்காரங்க முதல்ல ரேட்டை வானத்துக்கு ஏத்திட்டு, கடைசி நேரத்துல ரூம் நிரம்பலன்னு இறக்கினாங்க. இந்த ஏத்தி இறக்குற கூத்து எல்லா ஊர்லயும் நடக்குறதுதான், ஏன்னா போட்டி நடத்துறவங்க ஆரம்பத்துலயே நிறைய ரூமை பிளாக் பண்ணி வச்சிருப்பாங்க, தேதி நெருங்க நெருங்க வேண்டாததை ரிலீஸ் பண்ணுவாங்க, அது மார்க்கெட்டுக்கு வந்த உடனே ரேட் படுத்துடும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். 2022ல 44வது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யால நடக்க வேண்டியது, உக்ரைன் போர்னால அங்க இருந்து எடுத்து மார்ச் மாசம் நமக்கு குடுத்தாங்க, ஜூலை 28ல தொடக்க விழா. நாலு மாசத்துல அதை தயார் பண்ணது சாதாரண விஷயம் இல்ல, அதுல எனக்கு இன்னைக்கும் பெருமைதான். நேப்பியர் பாலத்துக்கு செஸ் போர்டு மாதிரி பெயிண்ட், போட்டி சின்னமா வேட்டி கட்டின 'தம்பி'ங்கிற குதிரை பொம்மை, 180க்கும் மேல நாடுகள், 1,700க்கும் மேல வீரர்கள். அரசு ஒதுக்கினது 92 கோடிக்கு மேல. ரோடு நல்லாச்சு, தெருவிளக்கு நல்லாச்சு, ஊர் சுத்தமா இருந்துச்சு.

ஆனா போட்டி நடந்தது மாமல்லபுரத்தை ஒட்டின பூஞ்சேரி பக்கத்துல ஒரு பெரிய ஹோட்டல் வளாகத்துல. கடற்கரை கோயில் அங்க இருந்து வண்டில அஞ்சு பத்து நிமிஷம்தான், இருந்தாலும் ஆட்டக்காரங்களுக்கு தினமும் என்ன நடக்கும்னு பாருங்க: தங்குற ஹோட்டல்ல சாப்பாடு, காலைல ரூம்லயே உக்காந்து எதிராளியோட பழைய ஆட்டத்தை அலசுறது, மத்தியானம் பஸ்ல அரங்கத்துக்கு, 3 மணிக்கு ஆட்டம், முடிய ராத்திரி ஆயிடும், திரும்ப அதே பஸ். 11 ரவுண்டு, நடுவுல ஒரே ஒரு நாள் ரெஸ்ட். இதுல எந்த நேரத்துல அர்ஜுனன் தபசு பாக்கப் போவாங்க, எப்ப கல் சிற்பம் பேரம் பேசுவாங்க? ரெஸ்ட் நாள்ல கொஞ்சம் பேர் சுத்தினாங்க, அவ்வளவுதான். ஐந்து ரதம் போற ரோட்ல சிற்பக் கடை வச்சிருக்குற ஒரு நண்பர் செஸ் காய் செதுக்கி அடுக்கி வச்சிருந்தார், அதுல வாங்கினது பெரும்பாலும் சென்னைல இருந்து வேடிக்கை பாக்க வந்த நம்ம ஜனங்கதான், வெளிநாட்டுக்காரங்க இல்ல. ஈசிஆர்ல பெரிய ஹோட்டல்கள் எல்லாம் ஃபுல், ஊருக்குள்ள மீனவர் குப்பத்தை ஒட்டி இருக்குற சின்ன லாட்ஜ்கள்ல அந்த மாதிரி இல்ல. ஜூலை ஆகஸ்ட் ஐரோப்பால ஸ்கூல் லீவு மாசம் வேற, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பக்கம் இருந்து குடும்பமா வர்ற சீசன். அந்த மாதிரி வந்த சில என்கொயரியை பெரிய ஹோட்டல்ல ரூம் இல்லாததால நாங்களே பாண்டிச்சேரிக்கு மாத்தி விட வேண்டியதா போச்சு.

அதே வருஷம் ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்துச்சு ஞாபகம் இருக்கா, தாஜ்மஹாலையே மாமல்லபுரம் முந்திடுச்சு, 1.44 லட்சம் வெளிநாட்டுக்காரங்க வந்தாங்கன்னு. செஸ் ஒலிம்பியாட் எஃபெக்ட்னு எங்க தொழில்ல இருக்குறவங்களே ஷேர் பண்ணாங்க. அந்த கணக்கு 2021-22 நிதியாண்டோடது, அதாவது மார்ச் 2022ல முடிஞ்சது, ஒலிம்பியாட் அப்ப தொடங்கவே இல்ல! அது கொரோனா காலத்து நம்பர் வேற, தாஜ்மஹாலுக்கே 40 ஆயிரத்துக்கும் கம்மியாதான் வெளிநாட்டுக்காரங்க வந்த வருஷம். இந்த மாதிரி நம்பரை நம்பி யாராவது மாடி கட்டினா யாரு பொறுப்பு?

ஒலிம்பியாட்டை விட எங்களுக்கு வேலை குடுத்தது 2019 அக்டோபர்ல மோடியும் சீன அதிபரும் மாமல்லபுரம் வந்த சந்திப்பு. ரெண்டு நாள் நிகழ்ச்சி, அதுக்காக முன்னாடி சில நாள் ஊரையே பூட்டி வச்சாங்க, தெருக்கடைக்காரங்களுக்கும் மீனவங்களுக்கும் அது கஷ்டமான நாள்தான். ஆனா ரெண்டு பேரும் வெண்ணெய் உருண்டை பாறை முன்னாடி கையை தூக்கி நின்ன போட்டோவும் லைட் போட்ட கடற்கரை கோயிலும் நாட்டுல எல்லா டிவிலயும் வந்துச்சு, அடுத்த வாரத்துல இருந்தே கூட்டம் அள்ளுச்சு. ஒலிம்பியாட்ல கேமரா இருந்தது அரங்கத்துக்குள்ள 64 கட்டத்து மேல. குகேஷ் வரிசையா எட்டு ஆட்டம் ஜெயிச்சதை உலகம் பாத்துச்சு, கடலை பாக்கல. போட்டியை எந்த ஊருக்கு கொண்டு வர்றோம்ங்கிறதை விட ஒளிபரப்புல அந்த ஊர் எவ்வளவு நேரம் தெரியுதுங்கிறதுதான் பின்னாடி வர்ற கூட்டத்தை முடிவு பண்ணுதுன்னு நான் நினைக்கிறேன். பார்சிலோனாவை பாருங்க, 1992ல ஒலிம்பிக்ஸ் சாக்குல ஃபேக்டரியும் ரயில் தண்டவாளமும் மறைச்சிருந்த கடற்கரையை திறந்து விட்டாங்க, ஊரோட முகமே மாறிடுச்சு. அது ரொம்பவே ஒர்க்கவுட் ஆகி 2024ல உள்ளூர்க்காரங்க டூரிஸ்ட் மேல தண்ணி துப்பாக்கி அடிச்சு வீட்டுக்கு போங்கன்னு சொல்ற அளவுக்கு வந்து நிக்குது, அது தனிக் கதை.

அடுத்தது போட்டி எந்த மாசம் வருதுங்கிறது. 2025 கடைசில ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னைலயும் மதுரைலயும் நடந்துச்சு, நவம்பர் 28ல இருந்து டிசம்பர் 10 வரைக்கும். மதுரை லாட்ஜ்காரங்களை கேட்டுப் பாருங்க, கார்த்திகை பொறந்தா ஐயப்ப பக்தர்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்துட்டுதான் இருப்பாங்க, அவங்களுக்கு அது ஏற்கனவே சீசன். அதே போட்டி ஆடி மாசம் வந்திருந்தா கணக்கே வேற. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பைல இந்தியா பாகிஸ்தான் மேட்ச் அகமதாபாத்ல அக்டோபர் 15னு முதல்ல சொன்னாங்க, அன்னைக்கு நவராத்திரி ஆரம்பம், செக்யூரிட்டி தாங்காதுன்னு 14க்கு மாத்தினாங்க. அதுக்குள்ள ஜனங்க பிளைட்டும் ரூமும் புக் பண்ணி முடிச்சாச்சு. ஹோட்டல் ரேட் தாறுமாறா ஏறி, ஃபுல் பாடி செக்கப்னு சொல்லி ஆஸ்பத்திரில பெட் புக் பண்ணாங்கன்னு கூட செய்தி வந்துச்சு.

லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். புதுசா ரூம் கட்ட கடன் வாங்காதீங்க. பாத்ரூம், வைஃபை, மெத்தைக்கு செலவு பண்ணுங்க, அது போட்டி முடிஞ்சும் உதவும். யாராவது மொத்தமா ரூம் பிளாக் கேட்டா ரிலீஸ் தேதி என்ன, அட்வான்ஸ் திருப்பி தரணுமா, போட்டி தேதி தள்ளிப்போனா என்ன ஆகும், இது மூணும் எழுத்துல இல்லாம சாவி குடுக்காதீங்க. சென்னைல ஃபார்முலா 4 ரேஸ் 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல்ல தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசிலதான் நடந்துச்சு. அப்புறம் முக்கியமா, பத்து வருஷமா குரூப் அனுப்புற ஏஜெண்டுக்கு அந்த ரெண்டு வாரத்துக்காக மூணு மடங்கு ரேட் சொல்லி அனுப்பிடாதீங்க, அவர் அடுத்த சீசனுக்கு பக்கத்து லாட்ஜுக்கு போயிடுவார்.

தெருக்கடைக்காரங்க விஷயம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். போட்டின்னாலே முதல்ல ஊரை அழகு படுத்துறோம்னு கை வைக்கிறது அவங்க மேலதான். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் குடுக்காம காலி பண்ண சொல்ல முடியாது, இது நிறைய பேருக்கு தெரியல. அடையாள அட்டை வாங்கி வச்சுக்கோங்க, சங்கமா சேர்ந்து மாசக்கணக்குல முன்னாடியே போய் போட்டி நடக்குற வளாகத்துக்குள்ள எங்களுக்கு எந்த இடம்னு மனு குடுங்க. பிரேசில்ல சால்வடார்னு ஒரு ஊர், அங்க அக்கராஜேன்னு நம்ம வடை மாதிரி ஒண்ணை பாரம்பரிய வெள்ளை உடைல பொம்பளைங்க சுட்டு விப்பாங்க. 2014 ஃபுட்பால் உலகக் கோப்பைக்காக ஸ்டேடியம் பக்கமே வரக்கூடாதுன்னு சொன்னப்போ, ஸ்பான்சர் கம்பெனி பர்கர் மட்டும்தான் விப்பீங்களான்னு கையெழுத்து வாங்கி போராடி, சில பேராவது ஸ்டேடியத்துலயே கடை போட்டாங்க. முன்னாடியே கூட்டமா போய் கேட்டதால கிடைச்சது அது.

டூர் போறவங்களுக்கும் ஒண்ணு. மேட்ச் டிக்கெட் கையில இருந்தா அந்த நாள்ல போங்க, ரூமை பக்கத்து ஊர்ல போடுங்க. ஊரை பாக்கணும்னா போட்டி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு போங்க, போட்ட ரோடு புதுசா இருக்கும், ரேட்டும் பழைய இடத்துக்கு வந்திருக்கும்.